சர்க்கரை நோயாளிகளுக்கான கால் ரத்த ஓட்டப் பரிசோதனை: மதுரை மையம் ஒன்றில் கண்டது

பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள என் தாயாருக்கு, இடது காலில் செருப்புக் கடித்த புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. முதலில் பார்த்த மருத்துவமனையில், நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் ரத்த ஓட்டத்தில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நரம்பு மரத்துப்போன காலில் அந்த வலி தெரியாமலே போகலாம் என்பதை, பின்னர் சென்ற கால் பராமரிப்பு மையத்தில்தான் அறிந்தோம்.

அங்கே அம்மாவைப் பத்து நிமிடம் படுக்க வைத்த பிறகே சோதனையைத் தொடங்கினார்கள். கைகளிலும் கணுக்கால்களிலும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி, புறங்காலில் ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும், பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்து, காற்றை இறக்கும்போது நாடியோசை எந்த அளவில் மீண்டும் கேட்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். அழுத்தம் கையில் 140, இடது கணுக்காலில் 210, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்த விகிதம் 1.5. 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அடைப்பு என்று படித்திருந்த எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் சோதித்த பெண், 1.4-ஐத் தாண்டிய எண்ணை நம்பக்கூடாது என்றும், நெடுநாள் சர்க்கரையால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டை இறுக்கினாலும் குழாய் அமுங்காததால் எண் கூடுகிறது என்றும் பொறுமையாக விளக்கிவிட்டு, பெருவிரலில் ஒரு சிறு பட்டையைச் சுற்றினார். விரல் தமனிகளில் இந்தப் படிவு குறைவாம். அங்கே அழுத்தம் 70, கையோடு ஒப்பிட்ட விகிதம் 0.5, இது 0.7-க்குக் கீழே இருந்தாலே ஓட்டம் குறைவு என்று பொருள். கணுக்காலோடு நிறுத்தியிருந்தால், முழங்காலுக்குக் கீழே சுருங்கியிருந்த தமனியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெலும் எழுதி, ரத்தக் குழாயையும் அதன் ஓட்டத்தையும் காட்டும் டூப்ளெக்ஸ் ஸ்கேனுக்கு நாள் குறித்து, புண்ணில் அழுத்தம் படாதபடி எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் செருப்புக்கு அளவெடுக்கச் செய்தார்.

குறைகளும் உண்டு. முன்பதிவு செய்தும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். காலில் புண்ணோடு வருபவர்களுக்கான இந்த மையம் லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினார். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கேட்ட பிறகே எண்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள்.

இருந்தாலும் ஸ்கேனுக்கு இங்கேயேதான் செல்லப்போகிறோம். வேறு ஊரில் இத்தகைய மையத்தைத் தேடுபவர்கள், பெருவிரல் அழுத்தமும் பார்ப்பார்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.