பந்தயத்தில் தேய்ந்த ஆர்எக்ஸ் 100, குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில்

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை மண் பாதைக்காகப் புதுப்பித்திருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு பவர் ஏற்றினீர்கள்?" என்பதுதான். கொஞ்சம்கூட ஏற்றவில்லை. முன்பு யாரோ ஏற்றிவைத்திருந்ததையும் இறக்கிவிட்டேன். குலசேகரத்துக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் பல மழைக்காலங்களாக இந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ ஓட்டிவருகிறேன். அந்த முடிவு சரி என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வரவில்லை. குமரி மாவட்டத்தில் பழைய டூ ஸ்ட்ரோக்கை உப்புக் காற்றும், ஈரமும், எஞ்சினுக்குள் கள்ளத்தனமாக நுழையும் காற்றும்தான் கொல்கின்றன. முதலில் இவற்றை அடைக்க வேண்டும். கையில் மிஞ்சும் பணம் ஷாக் அப்சார்பருக்கும் பிரேக்குக்கும் போக வேண்டும்.

ஆர்எக்ஸ் 100 தமிழ்நாட்டில் அறிமுகம் தேவைப்படாத வண்டி. யமஹாவின் தொழில்நுட்பத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை தயாரித்தது. 50 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 98 சிசி, நான்கு கியர், 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோவை ஒட்டித்தான். மோட்டோகிராஸ் என்னும் மண் தடப் பந்தயத்துக்காகப் பிறந்த வண்டியல்ல இது. ஆனால் வெளிநாட்டு மோட்டோகிராஸ் வண்டிகள் எட்டாக்கனியாக இருந்த காலத்தில், நம் மண் பந்தயங்களில் புழுதி கிளப்பியவை ஆர்எக்ஸும் சுசுகி ஷோகனும் ஷாவோலினும்தான். என்னிடம் இருப்பதும் கோவைப் பக்கம் மண் தடத்தில் ஓடி ஓய்ந்து, பிறகு பல கைகள் மாறி வந்த வண்டி. வந்தபோது ஹெட்லைட் இல்லை, ஆயில் பம்ப் இல்லை, சாஸியின் பின்பகுதியில் வெல்டிங் மேல் வெல்டிங். எஞ்சின் ஓடியது, ஆனால் ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கினால் மட்டுமே ஓடியது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே இந்த வண்டி சாலையில் ஓடுவதில்லை. கடலோர முட்டம் பக்கத்தில் உள்ள வீட்டிலிருந்து தோட்டம்வரை டெம்போவில்தான் போகிறது, வருகிறது. சாலையில் ஓட்ட ஆர்எக்ஸ் வேண்டும் என்பவர்கள் அதைத் தொழிற்சாலையில் வந்தபடியே புதுப்பிப்பது நல்லது.

சாஸியில் தொடங்கினேன். கடற்கரையை ஒட்டி வாழ்பவர்களுக்குத் துரு புதிதல்ல, ஆனால் பெயின்ட்டுக்கு அடியில் அது எவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கிறது என்பது உரித்தால்தான் தெரியும். மணல் வீச்சுக்குக் கொடுத்தோம். மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட்டோடு கிடைக்கும் கார்னட், இரும்பைச் சுரண்டுவதற்கு உலகெங்கும் பயன்படும் மணல். நம் ஊர்ச் சொத்து. சாஸிக்கும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் அது அருமையாக வேலை செய்தது. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸையும் கார்புரேட்டரையும் மட்டும் அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆயில் போகும் சிறு துளையில் ஒரே ஒரு மணி தங்கினாலும் அது பேரிங்கைத்தான் தேடிப் போகும். அவற்றை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கையால் கழுவினேன்.

பழைய வெல்டிங்குகளை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே குழாய் வைத்துப் புதிதாகப் பற்றவைத்தார் பட்டறை ஆசான். எஞ்சின் மூடிகளின் திருகுகள் வேறு கதை. அலுமினிய மூடியும் எஃகுத் திருகும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு நடக்கிறது. வெள்ளைப் பொடி பூத்துத் திருகு மூடியோடு ஒன்றாகிவிடுகிறது. சூடுகாட்டி, இம்பாக்ட் டிரைவரால் தட்டித்தான் எல்லாம் வந்தன. புதிதாக ஆலன் போல்ட் போட்டபோது ஒவ்வொன்றின் மரையிலும் செம்பு கிரீஸ் தடவினேன். எங்கள் கரையோரத்தில் அது இல்லாமல் ஒரு போல்ட்கூடப் போடக் கூடாது.

இனி எஞ்சின். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வெறும் பெட்டி அல்ல. அதுவும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை இழுக்கிறது, கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளுகிறது. அந்த அறைக்கு இருபுறமும் காவல் நிற்பவை கிராங்கின், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டின், இரண்டு ஆயில் சீல்கள். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகையாக வெளியே வரும். ஊரே பார்த்துச் சொல்லிவிடும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மக்னெட் பக்கத்துச் சீல் போனால் புகை வராது, சத்தம் வராது. வெளிக்காற்று நுழைந்து கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்துபோகும், எஞ்சின் சூடேறும், ஒரு நாள் மேட்டில் ஏறும்போது பிஸ்டன் இறுகிவிடும். பழைய ஆர்எக்ஸ்களில் "சீஸ் ஆகிவிட்டது" என்று கேட்கும் பல கதைகளுக்கு வேர் இந்தச் சிறு ரப்பர் வளையம்தான்.

அதனால் அழுத்தச் சோதனை செய்யாமல் எஞ்சினை சாஸியில் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பல்பும் முள் மீட்டரும் போதும். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் டயர் டியூப் துண்டால் இறுக்கி அடைத்துவிட்டு, பிளக் துளை வழியே காற்றை அடித்து, முள்ளை 300-க்குக் கொண்டுபோக வேண்டும். அது சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டை நெருங்கிய அழுத்தம். பிறகு கையை எடுத்துவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் எஞ்சினில் முள் மெதுவாக இறங்கியது. சோப்பு நீரைத் தொட்டுத் தடவிக்கொண்டே வந்தபோது, மக்னெட் தட்டுக்குப் பின்னால், சீலின் கீழ் விளிம்பில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்த சீல் அது. மாற்றியபின் முள் அசையாமல் நின்றது.

குமரி மாவட்டம் ரப்பர் விளையும் மண். ஆனால் நம் மரத்துப் பால் இந்த வேலைக்கு உதவாது. இயற்கை ரப்பர் பெட்ரோலிலும் ஆயிலிலும் ஊறிப் பருத்துவிடும். ஆயில் சீலுக்கு நைட்ரைல் அல்லது வைட்டான் என்னும் செயற்கை ரப்பர்தான் வேண்டும். விலை சற்று அதிகம் என்றாலும் நான் வைட்டானையே போட்டேன்.

கிராங்கைப் பிரித்துப் புதிய கனெக்டிங் ராடும் பின்னும் பேரிங்கும் போட்டார் ஆசான். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்ப்பது பாதி வேலை. லேத்தில் இரு முனைகளுக்கு நடுவே வைத்துச் சுழற்றி, டயல் கேஜ் முள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்வரை செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குவது மறுபாதி. முன்பகல் முழுவதும் அதிலேயே போயிற்று. "மக்கா, இங்கே அவசரப்பட்டால் வண்டி உன் கையில் அதிர்ந்துகொண்டே இருக்கும்" என்றார். உண்மைதான், இன்றைக்கும் இந்த வண்டியின் கைப்பிடி, சாலையில் ஓடும் பல ஆர்எக்ஸ்களைவிட அமைதியாக இருக்கிறது.

பந்தயக்காரர்கள் சிலிண்டர் பிளாக்கின் எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது புகை வெளியேறும் துளையை, உயர்த்தி அராவியிருந்தார்கள். அப்படிச் செய்தால் உச்ச வேகத்தில் சக்தி கிடைக்கும், கீழ்ச்சுற்றில் இழுவை போய்விடும். சரிவில் படிப்படியாக வெட்டிய பாத்திகளுக்கு நடுவே, முதல் கியரில் நத்தை வேகத்தில் ஏற வேண்டிய இடத்தில் அந்த பிளாக் வெறும் சுமை. அராவாத பழைய பிளாக் ஒன்றைத் தேடிப் பிடித்து, 0.25 மி.மீ. கூடுதல் பிஸ்டனுக்குப் போர் அடித்தோம். போர் அடித்தபின் ஒவ்வொரு போர்ட்டின் விளிம்பையும் எண்ணெய்க் கல்லால் தேய்த்து மழுக்க வேண்டும். கத்திபோல் நிற்கும் விளிம்பில் ரிங் மாட்டினால் முறிந்துவிடும். போர் அடித்துத் தருபவர்கள் எல்லோரும் இதைச் செய்து தருவதில்லை. பிளாக்கை வாங்கும்போதே விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

உள்ளே இழுத்த கலவை திரும்பிப் போகாமல் தடுக்கும் ரீட் வால்வில் எஃகு இதழ்களுக்குப் பதில் ஃபைபர் இதழ்கள் போட்டேன். எஃகு இதழ் உடைந்தால் துண்டு நேராக எஞ்சினுக்குள் போகும். ஃபைபர் உடைந்தாலும் சேதம் குறைவு. ஆக்சிலரேட்டருக்குக் கிடைக்கும் பதிலும் சுறுசுறுப்பாகியிருக்கிறது. ஏர் ஃபில்டருக்கு எண்ணெயில் நனைத்த நுரைப்பஞ்சு. மாசி, பங்குனியில் தோட்டத்தில் செம்மண் தூசி பறக்கும் நாட்களில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைக் கழுவுகிறேன்.

பந்தய வண்டிக்கென்றே இருக்கும் வயிறு பெருத்த சைலன்சரும் கூடவே வந்தது. அதன் வேலை அழகானது: புகையோடு வெளியே தப்பும் புதுக் கலவையை, பின்கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். ஆனால் அந்த அலை சரியான நேரத்தில் திரும்புவது குறிப்பிட்ட சுற்றுவேகத்தில் மட்டும். தோட்டத்தில் அந்த வேகத்தை நான் தொடுவதே அரிது. பழைய பாணிச் சைலன்சரையே மாட்டினேன். விடியுமுன் பால்வெட்டுக்கு வருபவர்களுக்கும் அது மரியாதை. பால் எடுத்து முடியும்வரை வண்டியைக் கிளப்புவதில்லை என்பது எங்கள் தோட்டத்து வழக்கம்.

பெட்ரோலைப் பற்றித்தான் கவலையோடு எழுதுகிறேன். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட் அதேயாக இருந்தால் கலவை மெலிந்துவிடுகிறது. மெயின் ஜெட்டை ஒரு எண் கூட்டினேன். நன்றாக ஏற்றத்தில் ஓட்டியபின் எஞ்சினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நடுப்பீங்கான் பால் டீயின் நிறத்தில் இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ஆபத்து. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நம் ஊரில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. டேங்கில் பல வாரம் பெட்ரோலை விட்டுவைத்தால் அடியில் தண்ணீர் தங்கிவிடுகிறது. ஒரு லிட்டருக்கு 30 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றுகிறேன். திரும்பும்போது பெட்ரோலை மூடி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். இந்த வழக்கம் வந்தபின் கார்புரேட்டர் அடைப்பு என்ற பேச்சே இல்லை. பழைய ரப்பர் குழாய், மிதவை ஊசி, வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

பணம் போட்டதில் நிறைவு தந்தது சஸ்பென்ஷன்தான். பின்னால் சற்று நீளமான கேஸ் ஷாக்குகள், முன் ஃபோர்க்கில் கெட்டியான ஆயிலும் கூடுதல் இறுக்கமுள்ள ஸ்பிரிங்கும். ஸ்விங் ஆர்மில் அடிப்பக்கம் தகடு வைத்துப் பலப்படுத்தி, தேய்ந்த புஷ்களை மாற்றினோம். நீள ஷாக் போட்டால் செயினின் சாய்வு மாறி அது ஸ்விங் ஆர்மில் உரசும். நைலான் தேய்ப்புக் கட்டை ஒன்று அவசியம். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன். ஆழமான பட்டன் உள்ள டயர்கள். இவ்வளவுக்குப் பிறகு, முன்பு வேர்களின் மேல் துள்ளித் தெறித்த வண்டி இப்போது சக்கரத்தைத் தரையிலேயே வைத்திருக்கிறது. அதே 11 குதிரைத்திறன், ஆனால் அதில் வீணாவது குறைவு. பவர் ஏற்ற வேண்டும் என்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நல்ல ஷாக் போட்ட வண்டியில் ஒருமுறை சரிவில் ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

குறைகளும் உண்டு. நல்ல பாகங்கள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. விலை கேட்டால் மயக்கம் வருகிறது. அதேபோன்ற பெட்டியில் அச்சு அசலாகத் தெரியும் போலிகளும் வருகின்றன. பிஸ்டனை வாங்கும்போது மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாங்குகிறேன். பெட்ரோல் செலவு அதிகம், ஆயில் வாசனை சட்டையில் தங்கும். வீட்டுக் கொட்டகையில் நிற்கும் நாட்களில் கடற்காற்று ஸ்போக்குகளைத் தின்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெல்லிய எண்ணெய் தடவாமல் மூடினால் மறுவாரமே துரு பூக்கிறது.

இன்னும் மனநிறைவு தராதது முன் டிரம் பிரேக். காய்ந்த மண்ணில் போதுமானது. ஓடையைக் கடந்து வந்தால் டிரம்முக்குள் நீர் புகுந்து, லிவரை அழுத்தினாலும் பிடிப்பதில்லை. லேசாகப் பிடித்தபடியே சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றினால்தான் பிரேக் திரும்பிவருகிறது. இறக்கத்துக்கு முன்பு ஓடை இருக்கும் பாதையில் இது விளையாட்டல்ல. ஷூவை டிரம்முக்கு ஏற்றபடி லேத்தில் கடைந்து போட்டதில் கொஞ்சம் முன்னேற்றம். அடுத்து, டிஸ்க் பிரேக் உள்ள ஃபோர்க்கும் சக்கரமும் மாற்றப்போகிறோம். ஸ்டியரிங் தண்டைக் கடைய ஆசான் அளவெடுத்துப் போயிருக்கிறார். ஐப்பசி மழைக்குள் மாட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.