தட்டில் வளர்ப்பதா, மரபணுவை வாசிப்பதா?

தேக்காச் சந்தையில் அம்மா இன்றும் ஆற்று மீனா, கடல் மீனா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். 2015இல் சிங்கப்பூரில் சமைக்காத நன்னீர் மீன் உண்ட பலருக்கு 'பி' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்ததிலிருந்து அந்தப் பழக்கம்.

அப்படிப்பட்ட கிருமியை இனங்காண இரண்டு வழிகள். பழையது வளர்ப்புச் சோதனை. நோயாளியின் இரத்தத்தை ஊட்டக் குப்பியில் வைத்துக் கிருமியைப் பெருக்கி, இரத்தம் கலந்த அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் தேய்த்து, ஓரிரவு உடல் சூட்டில் வைப்பார்கள். மறுநாள் தட்டில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி இரத்தம் கரைந்து தெளிந்த மெல்லிய வளையம். செலவு குறைவு. எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் நேரடியாகச் சோதித்துவிடலாம். ஆனால் காசநோய்க் கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். ஆன்டிபயாட்டிக் உட்கொண்டவரின் மாதிரியில் எதுவுமே வளராமல் போகலாம்.

இரண்டாவது வழி, கிருமியின் மரபணு எழுத்துகளை வரிசையாக வாசிக்கும் மரபணு வரிசையாக்கம். அதில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட, பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் உள்ள 16எஸ் மரபணுவை வாசித்தால் செத்த கிருமியின் இனமும் பெரும்பாலும் தெரிந்துவிடும். நெருங்கிய உறவுள்ள குடல் கிருமிகளான ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் பிரித்தறிய மட்டும் அது போதாது. எனக்குப் பெரிதாகத் தெரிவது முழு மரபணுத்தொகுதியையும் வாசிப்பதுதான். நோயாளிகளிடமும் மீனிலும் இருந்தது எஸ்டி283 என்ற ஒரே வகை என்பதை அன்று தெளிவாக்கியது அதுவே. தட்டை மட்டும் பார்த்து அதைச் சொல்லியிருக்க முடியாது.

தனி ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வளர்ப்புச் சோதனையே போதும் என்பேன். ஒரே நேரத்தில் பலர் படுக்கையில் விழுந்தால், வரிசையாக்கத்தை அன்றே தொடங்கிவிட வேண்டும்.