சீற்றுக்குள் காற்றாடியா, குளிரூட்டியா?

வவுனியாவில் காரில் ஏறி மாங்குளம் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஏசி முகத்துக்குத்தான் அடிக்கும். முதுகுக்கும் சீற்றுக்கும் நடுவே காற்று போக வழியில்லை. அந்த வழியைத் திறக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு.

ஒன்று, காற்றோட்டச் சீற். 1990களின் கடைசியில் சாப் 9-5 காரில் வந்தது. துளையிட்ட தோல், கீழே காற்றுப் போகும் பஞ்சு, அதற்குள் சின்னக் காற்றாடிகள். சில கார்களில் காற்றை மேலே ஊதும், சிலவற்றில் கீழே உறிஞ்சும். இது காற்றைக் குளிராக்குவதில்லை, காருக்குள் இருக்கும் காற்றையே ஓட விடுகிறது. குளிர்ச்சி வியர்வை ஆவியாவதால் வருகிறது: ஒரு கிராம் ஆவியாக ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேண்டும், அதில் பெரும்பங்கு உடம்பிலிருந்துதான் போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வன்னிக் காற்று வறண்டு கிடப்பதால் இந்த வேலை சுலபம். ஏசியும் காற்றின் ஈரத்தை இழுத்துவிடுவதால் இரண்டும் நல்ல சோடி.

மற்றது, உண்மையான குளிர் சீற். 2000 மாடல் லிங்கன் நவிகேட்டரில் வந்தது. 1834இல் பிரெஞ்சு விஞ்ஞானி பெல்டியர் கண்ட விளைவுதான் அடிப்படை: குறைகடத்தித் தகட்டில் மின்சாரம் ஓடினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்த பக்கத்துக் காற்று சீற்றுக்கு, சூடு வெளியே. மின்சாரத்தைத் திருப்பினால் அதே தகடு சீற்றைச் சூடாக்கும். கிளிநொச்சியில் அது யாருக்கு வேண்டும்?

வெயிலில் நின்ற காரில் ஏறிய முதல் சில நிமிடங்களுக்கு இரண்டாவதுதான் மேல். காற்றாடிச் சீற் அந்நேரம் வெக்கையைத்தான் ஊதும். கண்ணாடிகளை இறக்கி வெக்கையை வெளியேற்றிவிட்டுப் போட்டால் சரி. காருக்குள் குளிர் ஏறியபின் வித்தியாசம் அதிகமில்லை. பெல்டியரில் பாகங்கள் கூட, மின்சாரமும் கூட. என் தெரிவு காற்றாடிதான்.

ஆனால் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடுபவர் புழுதியைக் கணக்கில் எடுக்க வேண்டும். உறிஞ்சும் சீற் மேலே படிந்த புழுதியைத் துளைகளுக்குள் இழுக்கும். துடைத்தால் போதாது, வக்கூம் பிடிக்க வேண்டும். தோலுக்குப் பூசும் கிறீமை அள்ளி அப்பினாலும் துளை அடைபடும்.

சிகரெட் லைற்றர் துளையில் செருகும் காற்றாடிக் கவர்களும் கிடைக்கின்றன. மலிவுதான். சீற்றின் பக்கவாட்டில் எயார்பாக் உள்ள கார் என்றால், அதை மூடும் கவரை வாங்காதீர்கள்.