பீட்டா, கப்புச்சினோவா?

ஜப்பானில் வேலை பார்க்கும் என் தம்பி, ஹோண்டா பீட், சுசுகி கப்புச்சினோ ஆகிய இரண்டு பழைய திறந்த கார்களில் எதை வாங்கலாம் என்று கேட்டதிலிருந்து, மதுரையில் இருக்கும் என் மனம் சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டும் 1991இல் வந்தவை. 660 சிசிக்கு உட்பட்ட மூன்று சிலிண்டர் எஞ்சின், 64 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம் ஆகியவை இரண்டுக்கும் பொது. ஆனால் ஓட்டும் சுவை வேறு. பீட்டின் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாததால், நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளைத் தாண்டும்போதுதான் அதன் முழு வலுவும் வெளிப்படும் என்றாலும், ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே அது இணங்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கப்புச்சினோவோ டர்போவின் துணையால் ஏற்றத்தில் எளிதாக இழுக்கும். எடையும் சுமார் 700 கிலோதான், பீட்டைவிட ஏறத்தாழ 60 கிலோ குறைவு.

பராமரிப்பில் கப்புச்சினோவுக்கு ஒரு நெருக்கம் உண்டு: அதன் தொடக்ககால எஞ்சின், நம் ஊர் மெக்கானிக்குகள் கைப்பழக்கத்திலேயே அறிந்த மாருதி 800 எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கூரையைத் துண்டுகளாகக் கழற்றி வைத்தால் டிக்கி நிறைந்துவிடும் என்பது குறை.

தம்பிக்கு பீட்டையே சொன்னேன். அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.