பாட்டு வகுப்பில் லேப்டாப் மைக்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

2020 ஊரடங்கில் நேர் வகுப்புகள் நின்றபோது நானும் இணைய வழிக்கு வந்தேன். ஊரடங்கு முடிந்தது, வகுப்பு அங்கேயே நிலைத்துவிட்டது. வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அதனால் மைக் நின்றால் வகுப்பே நின்றது. இத்தனை காலத்தில் அது பல விதமாக நின்றுபோயிருக்கிறது. ஆனால் மைக்கே கெட்டுப்போனது மிக அபூர்வம். பெரும்பாலும் குரல் மைக்கைத் தாண்டிப் போய், நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் புது மைக் வாங்கும் செலவு மிச்சம்.

"டீச்சர், உங்க வாய் மட்டும்தான் அசையுது" என்று குழந்தை சொன்னால் நான் முதலில் ஜூமைத் தொடுவதில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸைத் திறக்கிறேன். அங்கே 'இன்புட்' என்ற பகுதியில் மைக்கின் பெயர் இருக்கும், சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பட்டையும் இருக்கும். ஒரு 'ச' பிடிக்கிறேன். பட்டை அசைந்தால் மைக், ஒயர், டிரைவர் (மைக்கை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) மூன்றும் நலம், கோளாறு ஆப்பிலோ பிரவுசரிலோ இருக்கிறது. அசையாவிட்டால் ஜூமுக்குள் எதைத் திருகியும் பயனில்லை. பாதி வேலை இந்த ஒரு சோதனையில் முடிந்துவிடுகிறது. உதவி கேட்டால் பலரும் எடுத்த எடுப்பில் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

பட்டை அசைகிறது, அந்தப் பக்கம் கேட்கவில்லை என்றால் முதலில் ஆப் எந்த மைக்கைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். வெப்கேமிலும் ஒரு மைக் இருக்கும், லேப்டாப்பிலும் ஒன்று இருக்கும், ஹெட்செட்டிலும் ஒன்று. ஜூமில் மைக் படத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் வரும். அடுத்தது அனுமதி. விண்டோஸ் 10-இல் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து, சாதாரண டெஸ்க்டாப் மென்பொருள்களும் பிரைவசி பகுதியில் உள்ள மைக்ரோஃபோன் அனுமதிக்குக் கட்டுப்பட்டவை. அதே ஆண்டு ஆப்பிள் கணினிகளுக்கு வந்த மேக் ஓஎஸ் மொஜாவியிலும் ஒவ்வொரு ஆப்பும் மைக்குக்கு அனுமதி கேட்கத் தொடங்கியது. நம் குரலை யார் கேட்கலாம் என்பதை நாமே முடிவு செய்வது நல்ல ஏற்பாடு. ஆனால் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பிரவுசர் வழியாகப் பேசுபவர்களுக்கு இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் பக்கம் அதிகம் நடப்பது வேறு. டேப்லெட்டில் ஜூம் திறந்ததும் ஆடியோவில் சேரலாமா என்று கேட்கும், குழந்தை அதை மூடிவிடும். பிறகு திரையில் மைக் படமே இருக்காது, அந்த இடத்தில் ஹெட்ஃபோன் படம் நிற்கும். "மியூட் எடுத்துட்டேன் டீச்சர்" என்று குழந்தை சொல்வது உண்மைதான், ஆடியோவிலேயே அது சேரவில்லை.

பட்டையே அசையாத நாட்களில் நான் கையால் தொட்டுப் பார்ப்பவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஹெட்செட் ஒயரில் சிறிய மியூட் சுவிட்ச் ஒன்று இருக்கும், துப்பட்டா உரசினாலே நகர்ந்துவிடும். பல லேப்டாப்களில் மேல்வரிசைச் சாவி ஒன்றில் குறுக்குக் கோடு போட்ட மைக் படம் இருக்கும். அதில் விளக்கு எரிந்தால் மைக் மூடியிருக்கிறது.

பிறகு பின். 3.5 மில்லிமீட்டர் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மைக் உள்ள ஹெட்செட் என்றால் உலோகத்தில் மூன்று வளையக் கோடுகள் இருக்கும். நுனி இடக் காது, அடுத்த வளையம் வலக் காது, அதற்கடுத்தது எர்த், அடிப்பகுதி மைக். இரண்டே கோடுகள் இருந்தால் அது வெறும் இயர்ஃபோன். அதைச் செருகினால் காதில் கேட்கும், பேச்சு லேப்டாப்பின் சொந்த மைக் வழியாகத்தான் போகும். பின் முழுவதும் இறங்காமல் ஒரு மயிரிழை வெளியே நின்றாலும் மைக் தொடர்பு விட்டுப்போகலாம், காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பழைய டெஸ்க்டாப்களில் பச்சைத் துளை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு. மூன்று கோட்டுப் பின்னைப் பச்சையில் செருகினால் மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரியும் ஒய் ஒயர் ஒன்று போட வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும்.

யூஎஸ்பி மைக் வேறொரு விதமாகத் தொல்லை கொடுக்கும். பாட்டு நடுவில் திடீரென்று பட்டியலிலிருந்தே காணாமல் போகும். விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப் ஒவ்வொன்றுக்கும் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம் உண்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்க அந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக் அங்கே இருக்கும். அதை எடுத்துவிட்டேன், அந்தத் தொல்லை போயிற்று. ஒரே துளையில் செருகுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். துளை மாறினால் விண்டோஸ் சில மைக்குகளைப் புதுக் கருவியாக எடுத்துக்கொண்டு பழைய அமைப்புகளை விட்டுவிடுகிறது.

பாட்டு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும், பேசினால் கேட்கும், பாடினால் குரல் காணாமல் போகும். நெடுங்காலம் மைக்குகள்மேல் போடப்பட்ட பழி இது. காரணம் ஜூமில் உள்ள சத்தம் நீக்கும் வசதி. ஒரே அளவில் தொடர்ந்து வரும் ஒலியை அது விசிறிச் சத்தம், ஏசி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கும். அலுவலகப் பேச்சுக்கு அது அருமையான ஏற்பாடு. ஆனால் தம்பூராவும் தொடர்ந்து ஒரே அளவில் வரும் ஒலிதான், சுருதிப்பெட்டியும் அப்படித்தான். பஞ்சமத்தில் ஒரு கார்வை கொடுத்து, அதாவது 'ப' என்ற ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நின்றால் அதையும் அது இரைச்சலாகப் பார்க்கிறது. தொடக்கம் கேட்கும், நடுவில் தேய்ந்து, குழந்தையின் காதுக்கு வருவதற்குள் ஸ்வரம் அறுந்து நிற்கும். தொடக்கப் பாடமான சரளி வரிசையில் கூட இதை உணரலாம். மெதுவான முதல் காலத்தில் ஸ்வரங்கள் விட்டுவிட்டுக் கேட்கும், வேகமான மூன்றாம் காலத்தில் சரியாக வரும்.

ஜூமின் ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று இருக்கிறது. அதை அமைப்பில் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, வகுப்புத் திரையின் மேல் மூலையில் அதே பெயரில் வரும் பொத்தானையும் ஆன் செய்ய வேண்டும். அது வந்த பிறகு அந்தப் பக்கம் தம்பூரா கேட்கிறது. மைக்கின் அளவைத் தானாக மாற்றும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். மேல் ஷட்ஜத்தில் ஓங்கிப் பாடும்போது அது அளவைக் கீழே இறக்கும். பிறகு மெல்லப் பேசினால் மைக் செத்துவிட்டது போலத் தோன்றும். ஒன்று மட்டும் கவனம்: சத்தம் நீக்கம் இல்லாதபோது தெருவின் ஹாரனும் குக்கர் விசிலும் சேர்ந்தே போகும். ஹெட்ஃபோன் போடாமல் எதிரொலி நீக்கத்தையும் அணைத்தால் குழந்தையின் குரல் அதற்கே திரும்பிக் கேட்கும்.

புளூடூத் இயர்ஃபோனை நான் வகுப்புக்கு வைத்துக்கொள்ளவில்லை. பாட்டு கேட்க மட்டும் அது இனிமை. மைக்கைத் திறந்ததும் வழக்கமாக அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையில் ஒலியை அளந்தெடுப்பது நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறையாகச் சுருங்கும். பேச்சுக்குப் போதும், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தின் நுணுக்கம் மங்கிவிடும். போதாக்குறைக்கு, பக்கத்தில் செல்போன் அடித்தால் மைக் அங்கே தாவிவிடவும் கூடும்.

மைக்கைச் சோதிக்க முன்பெல்லாம் ஸ்கைப்பில் எக்கோ என்றொரு சோதனை அழைப்பு இருந்தது. பீப் ஒலிக்குப் பிறகு பேசினால் நம் குரலை நமக்கே திருப்பிப் போடும். 2025 மே 5 அன்று ஸ்கைப்பே மூடப்பட்டுவிட்டது. இப்போது ஜூமின் ஆடியோ பக்கத்தில் உள்ள மைக் சோதனை அந்த வேலையைச் செய்கிறது. வகுப்புக்குச் சற்று முன்னால், பேசிப் பார்க்காமல், ஒரு கீதத்தின் முதல் அடியைப் பாடிப் பதிவு செய்து கேட்கிறேன்.

இப்போது என்னிடம் நிலைத்திருப்பது மேஜையில் நிற்கும் ஒரு சாதாரண யூஎஸ்பி மைக்கும், ஒயர் வைத்த ஹெட்ஃபோனும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் மைக்கை வைக்கிறேன், 'ப' சொல்லும்போது காற்று நேரே அடிக்காது. ஒயர் ஹெட்செட்கள் பின்னுக்கு மேலே வளையும் இடத்தில்தான் முதலில் விட்டுப்போகின்றன. ஒயரை ஆட்டும்போது விண்டோஸ் பட்டை துள்ளினால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. அப்போது மட்டும் புதிதாக வாங்குங்கள், எல் வடிவப் பின் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள்.