முறுக்குக்கு 280 வெள்ளி

எங்கள் நாயின் பெயர் முறுக்கு. வால் முதுகின்மேல் சுருண்டு கிடப்பதால் மகன் வைத்த பெயர். சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று இங்கே சொல்கிறோமே, அந்த ஜாதி. இப்படிப்பட்ட உள்ளூர் நாய்களுக்கு வீடு தேடித்தரும் பிராஜெக்ட் அடோர் திட்டத்தில், தோள் உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இந்தக் கலப்பின நாய்களை வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், வளர்க்கலாம். முறுக்கு 51. அளந்த அன்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நான் தாதி. இரவு வேலை முடிந்து அங் மோ கியோ வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், கிழிந்த செருப்பு ஒரு பக்கம், டிஷ்யூ பேப்பர் ஒரு பக்கம். முறுக்கு காதைப் பின்னால் மடித்து, தலையைக் குனிந்து, சோபா ஓரமாக நிற்பாள். "பாரு, செஞ்ச தப்பு தெரிஞ்சுதானே மூஞ்சியத் தொங்கப்போட்டு நிக்குது" என்பார் அத்தை, அதாவது என் மாமியார். நானும் அப்படித்தான் நம்பினேன், அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே திட்டுவேன். தனியாக இருக்கும்போது முறுக்கு போடும் ஊளைச் சத்தத்தைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரர் இரண்டாம் முறை சொன்னபோதுதான், வீட்டுக்கே வந்து நாயின் மனநிலையைப் பார்க்கும் டிரெயினர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். 90 நிமிடம், 280 வெள்ளி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, குறைகளும் எழுதப்போகிறேன்.

முதல் குறை, 40 நிமிடம் தாமதம். வந்த சீனப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முறுக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. கால் மணி நேரம் அப்படியே. நிமிடத்துக்கு மூன்று வெள்ளி என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் முறுக்கு தானாக வந்து அவர் முழங்காலை முகர்ந்து, பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். புது ஆள் யார் வந்தாலும் மேசைக்கடியில் ஓடுகிறவள்.

"உங்கள் மகனை வழக்கம்போல் கொஞ்சச் சொல்லுங்கள்" என்றார். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். முறுக்கு முகத்தைத் திருப்பினாள், நாக்கால் மூக்கை ஒரு தடவை நக்கினாள், கண்ணின் வெள்ளை ஓரம் தெரிந்தது, கொட்டாவி விட்டாள். தூக்கம் வருகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இதெல்லாம் 'போதும், விடு' என்று நாய் மரியாதையாகச் சொல்வதாம். அன்றிரவு கைப்பேசியில் மகனும் முறுக்கும் இருக்கும் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அதே திரும்பிய முகம். அவற்றைத்தான் நான் குடும்பக் குழுவில் போட்டு இதயம் வாங்கியிருக்கிறேன்.

அடுத்து அவர் செய்ததற்காகவே அந்தக் காசைக் கொடுக்கலாம். முறுக்கைத் தாழ்வாரத்தில் ஒரு நடை கூட்டிப்போகச் சொன்னார். நாங்கள் திரும்புவதற்குள் அவரே நாலு டிஷ்யூவைக் கிழித்து வரவேற்பறையில் போட்டிருந்தார். "இப்போது வழக்கம்போல் நில்லுங்கள்." நான் இடுப்பில் கைவைத்து "என்ன இது?" என்றேன். அவ்வளவுதான். காது மடிந்தது, தலை குனிந்தது, வால் பிரிந்து கீழே இறங்கியது. ஒரு தப்பும் செய்யாத நாய், அதே 'குற்றவாளி' முகம்! நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது என்றார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த முகம் வருவதில்லை, நாம் திட்டுவதைப் பொறுத்து வருகிறது. முறுக்குக்கு என்னைப் பார்த்துப் பயம், அவ்வளவே. அத்தை ஒன்றும் சொல்லாமல் டிஷ்யூவைப் பொறுக்கி எடுத்தார்.

வால் பாடம் எங்களுக்குப் பயன்படவில்லை. பிடித்தவரைப் பார்த்தால் வால் வலப்பக்கம் அதிகம் ஆடும், மிரட்டும் அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம் என்று இத்தாலியில் 2007-இல் கண்டிருக்கிறார்களாம். சரி, முறுக்கு மாதிரி சுருண்ட வாலில் எது வலம், எது இடம்?

இடி பற்றிச் சொன்னது நன்றாக உதவியது. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் வந்தாலும் சரி, தேசிய தின ஒத்திகைக்கு ஜெட் விமானம் பறந்தாலும் சரி, இவள் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டிலேயே இருக்கும் இரும்புக்கதவு வைத்த பாதுகாப்பு அறைக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நடுங்குவாள். பயத்தைப் பழக்கிவிடக் கூடாதென்று நாங்கள் வெளியே இழுத்துவந்துகொண்டிருந்தோம். இழுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தால் பயம் வளராது என்றார். இப்போது அந்த இரும்புக்கதவு மூடாமலிருக்க ஒரு கட்டை, உள்ளே பழைய கைலி, ஒரு மின்விசிறி. அரிசி மூட்டை சமையலறைக்குப் போய்விட்டது, அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஊளை முழுதாக நிற்கவில்லை. ஒரே நாளில் தீராது, தனியே விடும் நேரத்தை இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்றார். அது நியாயம். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆறு வகுப்புத் தொகுப்பை வாங்கச்சொல்லி நெருக்கினார், அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். பகலில் பெரும்பாலும் நாயோடு இருப்பவர் அத்தைதான், அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நானே உட்கார்ந்து காது, கண், நாக்கு என்று படம் போட்டுத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். தொகுப்பை வாங்கவில்லை, மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு முறை மட்டும் திரும்பக் கூப்பிடுவேன். நீங்கள் இப்படி யாரையாவது வரவழைத்தால், நாய் தனியாக இருக்கும்போது எடுத்த வீடியோவை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், நேரம் மிச்சம். வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் என் நாத்தனார் மகள் முறுக்கைத் தூக்கப்போனபோது, சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "விடும்மா, அது கொட்டாவி விடுது பாரு."