தனி லீக்கா, ஊர்விட்டு ஊர் போகும் ஆட்டமா?

அமெரிக்கக் கால்பந்தை வெளிநாட்டில் விற்க, அந்த விளையாட்டின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டது. முதலாவது, 1991இல் தொடங்கி, பிறகு என்எஃப்எல் யூரோப் என்று பெயர் மாறிய தனி லீக். நஷ்டத்திலேயே ஓடி 2007இல் மூடப்பட்டது. ஆனால் அதனால் அமெரிக்க ரசிகர் எதையும் இழக்கவில்லை. அந்த லீக்கின் ஆம்ஸ்டர்டாம் அணியில் ஆடிய கர்ட் வார்னர் பின்னர் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையே வென்றார்.

அதே 2007இல் இரண்டாவது வழி ஐரோப்பாவுக்கு வந்தது: என்எஃப்எல் லீக் ஆட்டங்களையே வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் நியூயார்க் ஜெயன்ட்ஸ் 13-10 என மயாமி டால்ஃபின்ஸை வென்றது. கணக்குப்படி அது டால்ஃபின்ஸின் சொந்த மண் ஆட்டம்! மயாமி ரசிகருக்கு அப்போது சொந்த ஊரில் வருடத்துக்கு எட்டே ஆட்டம். அதில் ஒன்று லண்டனுக்குப் போய்விட்டது. இன்னொரு ஃபுளோரிடா அணியான ஜாக்சன்வில்லின் ரசிகருக்கோ 2013 முதல் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் இந்த இழப்புதான். அப்புறம் நேரம்: லண்டன் ஆட்டம் நியூயார்க்கில் காலை 9:30, கலிஃபோர்னியாவில் 6:30.

லாபம் இரண்டாவதில்தான், சரி. 2025இல் டப்ளின், பெர்லின், மாட்ரிட் உட்பட ஏழு ஆட்டங்கள். அதற்கான விலையில் ஒரு பங்கை உள்ளூர் ரசிகர் கொடுக்கிறார் என்பதால், என் ஓட்டு தோற்றுப்போன அந்த முதல் வழிக்கே.